மறுபடியும் ‘விடாது கருப்பு’: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

குடியாத்தத்திலிருந்து:

2024 நவம்பரில் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமான செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கைப்பேசியில் ‘விடாது கருப்பு’ முதல் பகுதியைத் தேடிப் போட்டேன். தலைப்பிசை தொடங்கியதும் அடுத்த அறையிலிருந்து என் மகள் எழுந்து வந்துவிட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. நான் அந்தத் தொடரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

தெரியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. 1990-களின் பிற்பாதியில் சன் டி.வி.யில் ‘மர்மதேசம்’ என்ற பொதுத் தலைப்பில் வந்த கதைகளில் இது ஒன்று. இதற்கு முன்னால் வந்தது ‘ரகசியம்’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது, நாகா இயக்கினார். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் மூலம். தப்பு செய்தவனைக் குதிரையேறி வந்து தண்டிக்கும் கருப்புசாமி, அதை அப்படியே நம்பும் ஒரு கிராமம், நம்பாமல் கேள்வி கேட்கும் வெளியாட்கள். முடிவை நான் எழுதப் போவதில்லை. பின்னால் எழுதுகிறவர்களும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அந்த வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்றுதான் அழைப்போம். உறவு ஒன்றும் இல்லை. பீடி சுற்றும் வீடு அது. அன்று எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு எது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தொடர் பார்க்கிறோம் என்பதற்காகக் கையை நிறுத்த முடியாது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் நனைத்து வைத்த இலையைக் கத்தரியால் வெட்டுவது, தூளை வைத்துச் சுருட்டுவது, நுனியை மடித்து நூல் கட்டுவது. கண் டி.வி.யில் இருந்தாலும் விரல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அறை முழுக்கப் புகையிலைத் தூளின் காரநெடி. இலை வெட்டும் கத்தரிச் சத்தம் மட்டும் சீராகக் கேட்கும்.

திரையில் குளம்பொலி கிளம்பும். அந்தக் கணத்தில் எல்லாக் கத்தரிகளும் நின்றுவிடும்.

அந்த மௌனம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது, குதிரைகூட அடுத்துத்தான். கூலிக்காக மூச்சுவிடாமல் ஓடும் அத்தனை விரல்களையும் ஒரு சத்தம் நிறுத்தி வைத்தது என்றால் அந்தச் சத்தத்தை அமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

என் ஆயா மட்டும் முதல் வாரத்திலிருந்தே ஒரு சந்தேகத்தோடு இருந்தார். கருப்பு எங்கள் பக்கத்துச் சாமி இல்லை. மதுரை, சிவகங்கைப் பக்கம் ஊருக்கு ஊர் கருப்பசாமி உண்டு. இங்கே எங்களுக்கு கங்கையம்மன், மாரியம்மன், ஊர்க்காவலுக்கு முனீஸ்வரன். “இது யார் சாமி?” என்று ஆயா கேட்பார். மூன்றாவது வாரத்தில் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: அந்த ஊரில் கருப்பு என்று கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் முனீஸ்வரன் என்று கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். அதன் பிறகுதான் தொடர் எங்களுக்கு உண்மையாகிப் போனது. ஏனென்றால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் முனீஸ்வரன் கோயில் இருந்தது.

கௌண்டன்யா ஆற்றங்கரை ஓரமாக, வேப்பமரத்தடியில், மீசையும் பெரிய கண்களுமாக உட்கார்ந்திருக்கும் சுதைச் சிலை. பக்கத்தில் ஒரு மண்குதிரை. அதன் ஒரு காதில் சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளே சிவப்பு மண் தெரியும். பகலில் நாங்கள் ஏறி விளையாடிய குதிரைதான். தொடர் பார்த்துவிட்டு வரும் இரவில் ஆயாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே கடந்து போவேன். ஒரு இரவு ஆயா அங்கே நின்று, கையிலிருந்த டார்ச்சை அணைத்துவிட்டார். சாமி முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாதாம். இருட்டில் பத்து விநாடி நின்றிருப்போம். ஆற்று மணலிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்தப் பத்து விநாடியை இன்றும் என்னால் எண்ண முடியும்.

இப்போது மகளோடு முழுத் தொடரையும் பார்த்து முடித்துவிட்டேன். சில பகுதிகள் நீளம், பேச்சு அதிகம். ஆனால் முன்கதையையும் நிகழ்கதையையும் மாற்றி மாற்றிப் பின்னியிருக்கும் விதம், சேத்தனின் முகத்தில் ஓடும் கலக்கம், கேள்வி கேட்கும் பெண்ணாக வரும் தேவதர்ஷினியின் துணிச்சல் எல்லாம் அப்படியே நிற்கின்றன. எதிர்பாராதது ஒன்று நடந்தது. இந்த முறை நான் குதிரைக்குப் பயப்படவில்லை. கதையில் வரும் அந்தச் சிறுவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்கள் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் அவன் என்ன செய்கிறான் என்றே தேடினேன். அந்த வேடத்தில் நடித்த லோகேஷ் 2022-ல் காலமாகிவிட்டார். அதுவும் மனத்தில் இருந்ததால் சில காட்சிகளை நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது.

உங்கள் நினைவுகளையும் எழுதுங்கள். எங்கே பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள், திரும்பிப் பார்த்தபோது என்ன மாறியிருந்தது?

பாகாயத்திலிருந்து:

தம்பி, கத்தரி நின்ற இடத்தைப் படித்ததும் எனக்கும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

நான் மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் என்றாலே என்ன நினைவுக்கு வரும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒருவரைக் கேலி செய்ய “பாகாயத்துக்குப் போ” என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். 1957-லிருந்து இங்கே சி.எம்.சி.யின் (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின்) மனநல மையம் இருக்கிறது. நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல் வீட்டார் ஒருவரும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையை நம் நாட்டில் முன்னோடியாக நடத்திக் காட்டிய இடம் இது. கேலி செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தொடர் ஓடிய நாட்களில், துணைக்கு வந்து தங்கியிருந்த தாய்மார்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். “இது நோயா, சாமியா?” அதற்கு முன்பும் கேட்டிருக்கிறார்கள்; ஆனால் மெதுவாக, வெட்கத்தோடு, மருத்துவர் போன பிறகு கேட்பார்கள். தொடர் வந்த பிறகு வாய்விட்டுக் கேட்டார்கள். ஒரே உடம்புக்குள் இன்னொரு ஆள் இருக்க முடியும், அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்று டி.வி.யிலேயே பேசிவிட்டார்களே! ஒரு அம்மா, மகனின் மாத்திரைகளைக் கற்பூரமும் திருநீறும் இருந்த அதே சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்தார். எடுக்கும்போதெல்லாம் மாத்திரைப் பட்டையில் திருநீறு ஒட்டியிருக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை. வேளை தவறாமல் கொடுத்தாரே, அது போதும்.

தொடரில் காட்டியது போல உண்மையில் நோய் அவ்வளவு நாடகமாக இருக்காது. பலருக்கு அது மிகச் சாதாரணமாக, களைப்பாக, நாள்கணக்காக நீளும் துயரம். நோயுள்ளவர் என்றாலே அரிவாளோடு வருவார் என்று சிலர் எண்ணிக்கொண்டதில் எனக்கு வருத்தமும் உண்டு. இருந்தாலும் அந்தத் தாய்மார்களுக்குக் கேட்கும் தைரியம் கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது என் பேத்தி அதைப் பார்க்கிறாள். அவள் கேட்பதும் அதே கேள்விதான்.

வாணியம்பாடியிலிருந்து:

வணக்கம் அண்ணா, வணக்கம் அக்கா. நான் அந்தக் காலத்தில் கேபிள் வேலை பார்த்தவன். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தீர்கள். எனக்கு மட்டும் ஒரு பகுதியைக்கூட முழுதாகப் பார்க்க வாய்ப்பு இல்லை.

காரணம் எளிது. கம்பத்துக்குக் கம்பம் ஒயர் போகும் வழியில் அலையை உயர்த்தித் தரும் பெட்டிகள் இருக்கும். அவை மின்சாரத்தில் ஓடுபவை. ஒரு தெருவில் கரண்ட் போனால், கரண்ட் இருக்கும் அடுத்த மூன்று தெருக்களிலும் படம் போய்விடும். மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் பொறுப்பார்கள். தொடர் வரும் இரவில் மட்டும் இரண்டு நிமிடத்தில் கடை வாசலுக்கே வந்துவிடுவார்கள். எனவே ஏணியும் டார்ச்சுமாகத் தெருவிலேயே இருப்பேன். சன்னல்கள் வழியாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே இசை. நடந்துகொண்டே இருந்தால் வீட்டுக்கு வீடு கதையின் சத்தம் அறுபடாமல் கூடவே வரும். நான் அந்தத் தொடரை முதலில் காதால் மட்டுமே பார்த்தேன்.

ஒரு நாள் கரண்ட் போய், பெட்டியைச் சரிபார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்குகிறேன். தெரு முழுக்க இருட்டு. எங்கிருந்தோ குளம்புச் சத்தம். டி.வி. எதுவும் ஓடவில்லை, ஓட முடியாது. சத்தம் நெருங்குகிறது. டார்ச்சை அடித்தேன். பதினைந்தடி தூரத்தில் ஒரு வெள்ளைக் குதிரை தனியாக நின்றுகொண்டிருந்தது.

ஜட்கா குதிரை அது. எங்கள் ஊரில் அப்போது ஜட்கா வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறது. கழுத்தில் பாதி அறுந்த கயிறு, விலாவில் வண்டி உரசிய இடத்தில் முடி உதிர்ந்த தழும்பு, கண்ணில் டார்ச் வெளிச்சம் பச்சையாக மின்னியது. இவை எல்லாம் தெளிவாகத் தெரிந்தும், என் கைகால் ஓடவில்லை. அது என்னைக் கடந்து போனபோது ஒன்றைக் கவனித்தேன்: தார் ரோட்டில் லாடம் பட்டு எழும் சத்தம் கெட்டியானது, உலோகச் சத்தம். தொடரில் கேட்டது மண்ணில் எழும் மந்தமான சத்தம். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்று இரவு வீடு போய்ச் சேர்ந்தேன்.

போன மாதம்தான் முதன்முறையாக, ஒரு பகுதியும் விடாமல், உட்கார்ந்து பார்த்தேன்.

காட்பாடியிலிருந்து:

நான் உங்கள் எல்லோரையும்விட இளையவன். விடுதியில் நண்பர்களோடு அமெரிக்கத் தொடரான ‘ட்வின் பீக்ஸ்’ பார்த்துக்கொண்டிருந்தேன். 1990-ல் வந்தது, டேவிட் லின்ச்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் உருவாக்கியது. ஒரு மலையூரில் லாரா பால்மர் என்ற பள்ளி மாணவி கொலையாகிறாள். விசாரிக்க வரும் அதிகாரி கனவுகளையும் நம்புகிறவர். மனிதனுக்குள் புகுந்துகொள்ளும் ஒரு தீய சக்தியும் வருகிறது. சாமியா நோயா என்று அத்தை எழுதினாரே, ஏறக்குறைய அதே கேள்விதான் அதிலும்.

அந்தத் தீய சக்தியாக நடித்த ஃப்ராங்க் சில்வா நடிகரே அல்ல. அரங்கப் பொருட்களை ஒழுங்குபடுத்துபவர். படப்பிடிப்பின்போது தற்செயலாக ஒரு கண்ணாடியில் அவர் உருவம் விழுந்துவிட்டது. லின்ச் அதை நீக்காமல் கதைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார். கொலையாளி யார் என்பதை லின்ச் சொல்ல விரும்பவில்லை. சானலின் நெருக்கடியால் இரண்டாம் பருவத்தின் நடுவில் சொல்ல நேர்ந்தது; பார்வையாளர்கள் குறைந்து, 1991-ல் தொடர் நின்றது. 2017-ல் பதினெட்டுப் பகுதிகளாகத் திரும்பி வந்தது.

விடுதியில் இதை வியந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்மா தொலைபேசியில், “எங்களுக்கும் ஒன்று இருந்தது” என்று சொன்னார். அப்படித்தான் நான் ‘விடாது கருப்பு’க்கு வந்தேன். லின்ச்சின் தொடரை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் வரும் ஊசியிலைக் காடு எனக்கு அந்நியம். இதில் வரும் பனைமரமும் பொட்டல்காடும் நான் பஸ்ஸில் தினமும் கடப்பவை. பயம் எனக்கு இங்கேதான் வந்தது.

மறுபடியும் குடியாத்தத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வாணியம்பாடித் தம்பி காதால் பார்த்ததாக எழுதியது என்னை ஒரு காரியம் செய்யவைத்தது.

அந்தப் பெரியம்மா இன்னும் இருக்கிறார். எண்பதைக் கடந்துவிட்டார்; பார்வை அநேகமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதே அறை. டி.வி. இருந்த மூலையில் இப்போது அரிசி மூட்டை. கைப்பேசியை அவர் காதருகே வைத்து முதல் பகுதியைப் போட்டேன். தலைப்பிசையிலேயே அடையாளம் கண்டுகொண்டு என் கையைப் பிடித்தார். எத்தனை ஆண்டுகள் ஆகியும் அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் நூல் இழுத்த காய்ப்பு அப்படியே இருக்கிறது.

குளம்பொலி வந்தது. என் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவிடம் பயத்தின் சாயல்கூட இல்லை. அவர் வேறு எதற்கோ காத்திருந்தார். சிறுவனின் குரல் கேட்டதும் தலையை அசைத்தார்.

“இந்தப் பிள்ளையை யாராவது பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கலாம்” என்றார். “அப்போதே சொன்னேன். நீங்கள் எல்லோரும் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பகுதியோடு வரச் சொல்லியிருக்கிறார்.