1971–81: ‘இந்தியத் தமிழர்’ தொகை குறைந்தது நாடு திரும்பியதால் மட்டும்தானா?

கேள்வி:
வணக்கம். இலங்கைத் தோட்டங்களில் வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் குடிபெயர்வு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவான இவர்கள் 1971இல் சுமார் 11.7 லட்சம், 1981இல் 8.2 லட்சம். குறைந்த மூன்றரை லட்சமும் இவர்களை இரு நாடுகளும் பகிர்ந்து ஏற்கச் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போனவர்கள் என்று எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம். பத்து வருடத்தில் பிறந்தவர்களையும் கணக்கில் எடுத்தால் பள்ளம் மூன்றரை லட்சத்தைவிடப் பெரிது. அதில் ஒரு பங்குதான் கப்பலேறியது; மற்றது வேறு இனப்பெயரில் பதிந்தது. அதே காலத்தில் ‘இலங்கைத் தமிழர்’ (தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த தமிழர்) 14.2 லட்சத்திலிருந்து 18.9 லட்சம் ஆனார்கள். இது சுமார் 32% ஏற்றம். நாட்டின் மொத்தத் தொகை கூடியதோ 17% அளவுதான். பிறப்பால் மட்டும் அவ்வளவு ஏறாது. இலங்கைக் குடியுரிமை கிடைத்த தோட்டக் குடும்பங்களில் பல தங்களை ‘இலங்கைத் தமிழர்’ என்றே பதிந்தன.

மாவட்ட அட்டவணையை எடுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டியில் இரண்டு பிரிவையும் கூட்டி 1971, 1981 இரண்டையும் ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை அதிகம் அசையாமல் ஒரு பிரிவு இறங்கி மற்றது ஏறினால், அது பெயர் மாற்றம். ஆனால் 1977 வன்செயலுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களும் உண்டு. மலை மாவட்டத்தில் குறைந்ததை எல்லாம் இந்தியாவுக்கு எழுதிவிடாதீர்கள்.

பதில் 2:
ஒப்பந்த எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது. இந்தியா ஏற்ற 5,25,000 பேரோடு அவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளும் போகலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒதுக்கீட்டில் சேரமாட்டார்கள். ஒதுக்கீட்டு எண்ணை மட்டும் எடுத்தால் போனவர் தொகை குறைவாகத் தெரியும். இந்தியக் குடியுரிமை கிடைத்தும் பயணம் போகாமல் தோட்டத்திலேயே இருந்தவர்கள் வேறு. குடிசன மதிப்பீடு அவர்களையும் எண்ணியது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1911க்கு முன்னும் இப்படி ஒப்பிடலாமா?

பதில் 1:
நேரடியாக முடியாது. 1911இல்தான் இரு தமிழரையும் பிரித்து எண்ணினார்கள். அதற்கு முந்தையதற்குப் பிறந்த இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்த பிள்ளை அந்தக் கணக்கில் ‘இலங்கையில் பிறந்தவர்’ ஆகிவிடும். தோட்டத் தொகையை வைத்தும் சரிக்கட்ட முடியாது, கொழும்பில் வேலை செய்த இந்தியத் தமிழர் அதில் விடுபடுவார்கள்.

பதில் 3:
தேயிலைக்கு முந்தைய கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வருகைக் கணக்கைத் தொட்டால் கவனம். அறுவடைக்கு வந்து ஊர் திரும்பி மறு வருடம் மீண்டும் வந்தவர் அந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள். வருகையில் திரும்பியவரைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், மன்னார்ப் பக்கமிருந்து மலைநாட்டுக்கு நடந்து வந்த வடபாதையில் செத்தவர்களோ அந்த இரண்டு பக்கத்திலும் சரியாக வருவதில்லை. தோட்டத்துச் செக்ரோலோடு (தொழிலாளர் வருகைப் பதிவேட்டோடு) பொருத்தும்போது பெயர் மட்டும் போதாது. தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்தால்தான் ஒரே ஆள் என்று எடுங்கள். முத்துசாமிகள் நிறையப் பேர்.