டெக்கில் ஸ்ட்ரெஸ் பகலில் மட்டும் ஏறுகிறது, ஏன்?

கேள்வி (செகண்ட் ஆபீசர், பல்க் கேரியர் எனும் மொத்தச் சரக்குக் கப்பல்):
எங்கள் மெயின் டெக்கில் நான்கு ஸ்ட்ரெயின் கேஜ் (தகடு எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் கருவி) இருக்கின்றன. அந்த அளவீடுகளை வைத்துக் கரையில் கப்பலுக்கு ஒரு டிஜிட்டல் ட்வின், அதாவது கணினியில் அதன் நகல் மாதிரி, ஓட்டுகிறார்கள். மூன்று நாளாகக் கடல் அமைதி. சரக்கும் பல்லாஸ்டும் (கப்பலை நிலையாக வைக்க டேங்குகளில் நிரப்பும் தண்ணீர்) மாறவில்லை. ஆனாலும் காலை பத்து மணிக்கு மேல் ட்வினில் டெக் ஸ்ட்ரெஸ் (தகட்டுக்குள் சதுர அளவுக்கு எவ்வளவு விசை என்பது) ஏறுகிறது, பொழுது சாய்ந்ததும் இறங்கிவிடுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா? அப்புறம், ட்வின் வந்துவிட்டதால் இனி டேங்குக்குள் இறங்கிப் பார்ப்பதைக் குறைக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் 1 (ஹல், அதாவது கப்பலின் உடற்கூடு, வடிவமைப்புப் பொறியாளர்):
கேஜ் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, வெயில் மேல்தான். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு நீளத்தில் சுமார் 12 மைக்ரோஸ்ட்ரெயின் (பத்து லட்சத்தில் 12 பங்கு) விரியும். டெக் 10 டிகிரி சூடானால் 120. வெப்பத்துக்கான திருத்தம் செய்யாமல் இதை அப்படியே ஸ்ட்ரெஸ்ஸாக மாற்றினால் 25 மெகாபாஸ்கல் இழுவிசை என்று வரும். உண்மையில் அடித்தகடு குளிர்ந்த தண்ணீரில் இருப்பதால், விரியப் பார்க்கும் டெக் அமுக்கத்தில்தான் இருக்கும். அதாவது குறியே தலைகீழ்! ஒவ்வொரு கேஜ் பக்கத்திலும் ஒரு வெப்பநிலை சென்சார் வைக்கச் சொல்லுங்கள்.

டேங்க் விஷயத்தில் உங்கள் மனசு சொல்வதுதான் சரி. 2013 ஜூன் 17 அன்று எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கன்டெய்னர் கப்பல் இந்தியப் பெருங்கடலில் நடுவே முறிந்தது. கட்டி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. முறிவு தொடங்கியது அடித்தகட்டில். அடித்தகடு நெளிவதை உங்கள் நான்கு டெக் கேஜும் நேராகப் பார்க்காது.

பதில் 2 (சர்வேயர்):
ஒன்று கேளுங்கள்: ட்வினில் தகட்டின் தடிமன் எங்கிருந்து வந்தது? டிராயிங்கில் 14 மில்லிமீட்டர் இருந்த தகடு துருவில் 12 ஆகியிருக்கலாம். கேஜுக்குத் துரு தெரியாது. தகடு மெலிந்தால் அதே பாரத்துக்கு ஸ்ட்ரெஸ் கூடும். வெல்டிங் மூட்டுகளில் ஃபெட்டீக் சேதம் (பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் சேதம்) ஏறக்குறைய ஸ்ட்ரெஸ்ஸின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஸ்ட்ரெஸ் 10 சதவீதம் கூடினாலே சேதம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்படியிருக்க, பழைய தடிமனை வைத்துச் சொல்லும் மிச்ச ஆயுளை நான் நம்பமாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
கரையில் கேட்டேன் சார். கட்டியபோது போட்ட டிராயிங் தடிமன்தான் இன்னும் இருக்கிறதாம். கடைசி சர்வேயில் அல்ட்ராசோனிக் கருவியால் (ஒலியலையால்) எடுத்த தடிமன் அளவுகளை இன்றே அனுப்பிவிட்டேன். அடுத்த துறைமுகத்தில் உள்ளே மூச்சுவிடக் காற்று சரியா என்ற சோதனையை முடித்து மூன்றாம் நம்பர் பல்லாஸ்ட் டேங்கில் இறங்குகிறோம். பிராக்கெட் (தாங்கு தகடு) மூட்டுகளின் படங்களோடு வருகிறேன்.