80-ல் அடிக்கும் பீப்: ஒயரை வெட்டலாமுங்களா?

பெருந்துறை_சேகர்
வணக்கமுங்க. சேலம் – கோவை ரோட்டுல 80 தாண்டினாலே புதுக்கார் பீப் அடிக்குது. வீட்ல பெரியவங்க பஸர் ஒயரை வெட்டிடச் சொல்றாங்க. செய்யலாமுங்களா? ஐரோப்பாவுல வேக லிமிட்டைத் தாண்டினா டிரைவரை உஷார்படுத்தற ஐஎஸ்ஏ கட்டாயமாமே, அதுவும் இதேதானா? நம்மூர்ல அதை ஏத்துக்குவாங்களா?

கணபதி_ஒர்க்‌ஷாப்
வெட்டாதீங்க. பெரும்பாலான கார்ல பஸர் மீட்டருக்குள்ள ஒண்ணுதான். அதை ஊமையாக்கினா சீட் பெல்ட், கதவு, ஹேண்ட் பிரேக் சத்தமும் சேர்ந்து போயிரும். மீட்டரைப் பிரிச்சா வாரண்டியும் சிக்கல்.

2019 ஜூலை 1 முதல் வர்ற கார்ல ஏஐஎஸ் 145-ங்கற வாகனத் தர விதிப்படி இது கட்டாயமுங்க. 80 தாண்டினா நிமிஷத்துக்கு ஒருக்கா, 120 தாண்டினா விடாம அடிக்கும். மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதுல 80னா ஜிபிஎஸ்ல நாலஞ்சு குறைவா இருக்கலாம். குரூஸ் (வேகத்தை ஒரே அளவுல தானாப் பிடிச்சு வெக்கற வசதி) இருந்தா 78-ல வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க, சத்தமே வராது. சில கார்ல நாமளே வெச்சுக்கிற இன்னொரு அலர்ட்டும் மீட்டர் மெனுவுல இருக்கும். ஊருக்குள்ள ஓட்டறப்ப அதை 50-ல வெச்சா, அதுதான் உண்மையிலேயே உதவும்.

நொய்யல்கரை
ஐஎஸ்ஏ வேற சமாச்சாரம். அங்க 2022 ஜூலையில புது மாடல்களுக்கும், 2024 ஜூலையில விற்கிற எல்லாப் புதுக்காருக்கும் வந்துச்சு. கேமரா, மேப் வழியா அந்தந்த ரோட்டோட லிமிட்டைப் படிச்சு சத்தம், அதிர்வு, பெடல் எதிர்த்துத் தள்ளறது, இல்லைன்னா இன்ஜின் இழுவையைக் குறைக்கறதுன்னு ஏதாவது ஒரு வழியில உணர்த்தும். பிரேக் பிடிக்காது. அழுத்தி மிதிச்சா வண்டி போகும். அணைக்கவும் செய்யலாம், அடுத்த ஸ்டார்ட்ல தானா வந்துரும்.

பெடல் வகையைத்தான் நான் விரும்புவேன். டிரைவர் காலுக்கு மட்டும் தெரியும், பின்சீட்டுல தூங்கறவங்களுக்குத் தொந்தரவில்ல. ஸ்வீடன்ல 1999–2002-லயே லுண்ட் நகரத்துல இதை ஓட்டிப் பார்த்துட்டாங்க.

ஆனா லிமிட்டைத் தப்பாப் படிச்சா ஒரே வாரத்துல ஜனங்க வெறுத்துருவாங்க. இங்க அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. போர்டை வேப்பங்கிளை மறைச்சிருக்கும், இல்லைன்னா ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். முன்னாடி போற லாரி முதுகுல எழுதின 60-ஐக் கேமரா போர்டுன்னு எடுத்துக்கலாம். அவிநாசி ரோட்டு மேம்பாலம் 10 கிலோமீட்டர். வண்டி மேல போகுதா, கீழ போகுதான்னு ஜிபிஎஸ் குழம்பும். முதல்ல போர்டுகளைச் சரி பண்ணோணும்.

சங்ககிரி_லோடு
லாரிக்காரங்க ஸ்பீடு கவர்னரை, அதாவது குறிச்ச வேகத்துக்கு மேல வண்டியைப் போக விடாத கருவியை, ஏன் வெறுக்கறாங்கன்னு பாருங்க, பதில் கிடைக்கும். லாரிக்கு 80, டேங்கர், டிப்பர், ஸ்கூல் பஸ்ஸுக்கு 60. 80-ல போற வண்டி 78-ல போறதை ஓவர்டேக் பண்ண 50 மீட்டர் முந்தோணும்னா ஒன்றரை நிமிஷம், 2 கிலோமீட்டர் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு லேனும் அடைப்பு, பின்னாடி கார்க்காரன் ஹாரனை எடுக்கவே மாட்டான். அவசரத்துக்கு மிதிச்சுத் தாண்டவும் கவர்னர் விடாது. அதனாலதான் எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) காட்டிட்டு அப்புறம் ஒயரைப் பிடுங்கறாங்க. ஐஎஸ்ஏல மிதிச்சா வழி விடும்னா, எங்காளுங்க அதை மாட்டிக்கிட்டே ஓட்டுவாங்க.

பெருந்துறை_சேகர்
ரொம்ப நன்றிங்க. ஒயரைத் தொடல. குரூஸை 78-ல வெக்கச் சொல்லியாச்சு.