தாய்லாந்து ஏடிஎம்: 220 பாட் கட்டணத்தைக் குறைக்க என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. நான்கு பேர், பத்து நாள், பாங்காக்கும் சியாங் மாயும். பணக் கணக்கு மட்டும் இடிக்கிறது.

அங்கே வெளிநாட்டு கார்டுக்கு ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிக்கிறார்கள். எவ்வளவு எடுத்தாலும் அதே தொகைதான். 2,000 எடுத்தால் 11 சதவீதம் போச்சு. 20,000 எடுத்தால் 1.1. இதற்கு மேல் நம்மூர் வங்கி நாணயம் மாற்ற வாங்கும் மார்க்அப் 3.5 சதவீதம் என்றால், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 ஆகிவிடும்.

ரூபாயிலா, பாட்டிலா கணக்கு வைக்க வேண்டும் என்று ஏடிஎம் திரையில் கேட்கும்போது பாட்டைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்பது தெரியும். 'கன்வெர்ஷன் வேண்டாம்' என்று அழுத்தினால் பணமே வராது என்பதுபோல் பயமுறுத்தும், வரும். ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன் செய்தாயிற்று.

தெரியாதது இவைதான். இந்திய டெபிட் கார்டுக்கு ஒரே தடவையில் 30,000 பாட் தரும் ஏடிஎம் எந்த வங்கியுடையது? நம் வங்கியின் தினசரி வரம்பு குறுக்கே வருமா? டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் கார்டு) பாட் எடுத்தால் பெரும்பாலும் மறுபடி மாற்றுக் கட்டணம் விழும். பாட்டையே நேரடியாக ஏற்றித் தரும் கார்டை அண்மையில் பயன்படுத்தியவர் உண்டா?

இன்னொன்று: 100 டாலர் நோட்டுக்குச் சில்லறை நோட்டைவிட நல்ல ரேட். ஆனால் கையில் இருப்பதில் இரண்டில் லேசான முத்திரைக் கறை. சியாங் மாய் கடைகளில் வாங்குவார்களா, இங்கேயே மாற்றிவிடலாமா?