செட்டிநாட்டு வீட்டு உணவகம்: சரவிளக்கு சிமிட்டுது, மேஜை மங்கல்

தேக்குத்தூண்:
காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் சாப்பாட்டு ஹால், இரவு உணவகமாக மாறுகிறது. உத்தரம் 16 அடி உயரம், முட்டைப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடி டைல்ஸ். 12 கிளைச் சரவிளக்கில் 40 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு 4 வாட் ஃபிலமென்ட் எல்இடி போட்டாச்சு. டிம் பண்ணினால் சிமிட்டுது. மேஜைகளுக்கு உத்தரத்திலிருந்து 36 டிகிரி கோணத்தில் ஒளி விரியும் ஸ்பாட் விளக்கு. சாப்பாடு மங்கல், தரை கண்ணைக் கூசுது. சுவரில் துளை போட வீட்டார் சம்மதிக்கவில்லை.

மின்னல்பெட்டி:
டிம்மர் பழசுதானே? 480 வாட் இருந்த இடத்தில் இப்போ 48 வாட். இவ்வளவு குறைந்த லோடில் உள்ளே இருக்கும் டிரையாக் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) பிடித்து நிற்காது, விட்டு விட்டு எரியும். சோதிக்க ஒரே ஒரு கிளையில் பழைய 40 வாட் பல்பை மாட்டுங்க. சிமிட்டல் நின்றால் குற்றவாளி டிம்மர்தான். எல்இடிக்கான டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் (மின் அலையின் பின்பகுதியை வெட்டும் வகை) போட்டு, அதன் மிகக் குறைந்த அளவைப் பல்பு அணையும் புள்ளிக்குச் சற்று மேலே செட் பண்ணுங்க. பன்னிரண்டும் ஒரே மாடலாக, டிம்மபிள் என்று அச்சிட்டதாக இருக்கணும். கலந்து போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் அணையும்.

ஒளிக்கோணம்:
மேஜை இரண்டரை அடி போக, விளக்கிலிருந்து 13.5 அடி, அதாவது 4.1 மீட்டர். அந்தத் தூரத்தில் 36 டிகிரி ஏறக்குறைய 9 அடி வட்டமாக விரியும். பெரும்பகுதி வெளிச்சம் தரைக்குத்தான் போகுது. 15 டிகிரி போட்டால் மூன்றரை அடி. மேஜையில் 100 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சம்) வேணும்னா 4.1 × 4.1 × 100, சுமார் 1,700 கேண்டிலா (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு). டேட்டா ஷீட்டில் லூமனை (விளக்கு தரும் மொத்த ஒளி) பார்க்காதீங்க, கேண்டிலாவைப் பாருங்க. நேர் மேலிருந்து மட்டும் அடித்தால் சாப்பிடுகிறவர் கண்குழி கறுத்துப் போகும். மேஜைக்கு ஒரு சின்ன பேட்டரி விளக்கு வையுங்க.

தேக்குத்தூண்:
நன்றி. சுவருக்கு?

சுண்ணாம்புக்கை:
முட்டைப் பூச்சு கண்ணாடி மாதிரி. அதன்மேல் நேராக அடித்தால் சுவர் தெரியாது, பல்பின் பிம்பம்தான் தெரியும். எதிரே நிற்கும் தேக்குத் தூணுக்கு ஒளி கொடுங்க, சுவர் தானே மினுங்கும். வயரை உத்தரத்தின் மேல்முகத்தில் ஓட்டி, ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் இறக்குங்க.
நிறம் 2700 கெல்வின் (இளமஞ்சள் ஒளி), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90, ஆர்9 (அடர் சிவப்புக்கான அதே அளவு) மதிப்பு 50க்கு மேல். ஆர்9 குறைந்த பல்பில் மிளகாய்ச் சட்னி செங்கல்பொடி மாதிரி இருக்கும். மொத்தமாக ஆர்டர் போடுமுன் ஒரு பல்பை வாங்கி, கீழே சட்னிக் கிண்ணத்தை வைத்துப் பாருங்க.