மறு: எக்ஸ்பெடிஷன் – படையெடுப்பா, படைச்செலவா?

> வரலாற்றுப் பொது உரைக்கு அறிவிப்பு தயார் செய்கிறேன். தலைப்பு: 'கஸ்டரின் பிளாக் ஹில்ஸ் படையெடுப்பு, 1874'. படையெடுப்பு சரிதானா ஐயா? 'படைச்செலவு' என்கிறார் ஒருவர். பிராண்டியருக்கு (frontier) 'எல்லைப்புறம்' என்று தலைப்பில் சேர்க்கலாமா?

வணக்கம் தம்பி,

செலவு என்றால் பழந்தமிழில் போதல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'எல்லைப்புறப் படைச்செலவு' என்று சுவரொட்டி ஒட்டினால், ராணுவ பட்ஜெட் பற்றிய கூட்டம் என்று நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். புறத்திணையிலிருந்து 'வஞ்சிச்செலவு' எடுத்துக் கொடுத்தார் இன்னொரு அன்பர். மண்ணாசையில் படை நடத்துவது வஞ்சி, பொருள் கச்சிதம்தான். இன்றைய காதில் வஞ்சனை என்று விழுமே! (நடந்ததும் அதுதானே என்பார்.)

படையெடுப்பு என்றால் எதிரே பகைவன் வேண்டும், போர் வேண்டும். 1874 ஜூலை 2 அன்று ஆபிரகாம் லிங்கன் கோட்டையிலிருந்து அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டர் பிளாக் ஹில்ஸ் மலைக்குக் கிளம்பியபோது சொன்ன காரணம், புதிய கோட்டைக்கு இடம் பார்ப்பது. சுமார் 1000 பேர், 110 வண்டிகள், சரமாரியாகச் சுடும் கேட்லிங் துப்பாக்கிகள் 3. கூடவே பேண்டு வாத்தியக் குழு, புகைப்படக்காரர், தங்கம் பார்க்கத் தெரிந்த சுரங்கக்காரர் இருவர். கோட்டைக்கு இடம் பார்க்கச் சுரங்கக்காரர் எதற்கு? பிரெஞ்சு கிரீக் ஓடையில் தங்கம் அகப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று திரும்பிவிட்டார்கள். பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆகவே படையெடுப்பு பொருந்தாது. 1876இல் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்கள்மேல் நடந்ததை வேண்டுமானால் அப்படிச் சொல்லுங்கள். லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கஸ்டர் மாண்டது அப்போதுதான்.

'ஆய்வுப் பயணம்' என்றால் இன்னும் மோசம். 1868இல் அமெரிக்க அரசு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்த மலை லக்கோட்டா மக்களுடையது. கேட்லிங்கோடு அடுத்தவன் வீட்டுக்குள் நுழைவதா ஆய்வு?

என் வாக்கு 'படைப்பயணம்'. வந்தது படை என்பது முதல் அசையிலேயே தெரிந்துவிடும். போர் நடந்ததாகவும் பொய் சொல்லாது. ஊரைக் கொளுத்திப் பாடம் கற்பிக்கப் போன படைகளுக்கு 'தண்டனைப் படையெடுப்பு' இருக்கட்டும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அப்புறம் பிராண்டியர். வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்தானே நாம், 'எல்லைப்புறம்' பழகின சொல். ஆனால் யாருக்கு எல்லைப்புறம்? வாஷிங்டனுக்கு. லக்கோட்டாக்களுக்கு அது வீட்டு நடுமுற்றம். கஸ்டரின் வண்டித் தடத்துக்கு அவர்களே 'திருடர் பாதை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாம் இங்கே கலைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். தலைப்பில் எல்லைப்புறத்தை விட்டுவிட்டு மலையின் பெயரை மட்டும் போடுங்கள். உரைக்குள் வந்தால் பேசுபவர் விளக்கிக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும்: அச்சகத்தில் 'படை பயணம்' என்று பிரித்துப் போட்டுவிடப் போகிறார்கள். ஒற்றோடு சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.