அனலாக் கிராஸ்பாரில் இரைச்சல்: தறி ஓடும் வீட்டில் என்ன செய்வது?

சோமனூர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கங்க. இசிஇ இறுதியாண்டு. நியூரல் நெட்வொர்க்கின் எடைகளை மெமரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெருக்காமல் மின்தடையாகவே வைத்துவிட்டால், வோல்டேஜ் கொடுத்ததும் ஓம் விதி பெருக்கிவிடும், ஒரே கம்பியில் சேரும் கரண்ட்டைக் கிர்ச்சாஃப் விதி கூட்டிவிடும், அந்த இன்-மெமரி கம்ப்யூட்டிங்கைக் கிராஸ்பாரில் (வரிசையும் நெடுவரிசையுமாகப் பின்னிய மின்தடை வலை) சின்ன அளவில் செய்து காட்டுவதுதான் புராஜெக்ட். பூவின் அளவுகளை வைத்து வகையைக் கண்டுபிடிக்கும் ஐரிஸ் டேட்டா, 150 பூ, 3 வகை. நாலு அளவும் ஒரு பயாஸும் (எப்போதும் கூடச் சேரும் நிலையான எண்) சேர்த்து 5 வரிசை. வகைக்கு ஒரு பிளஸ், ஒரு மைனஸ் என 6 நெடுவரிசை. ஆக 30 டிஜிட்டல் பொட் (புரோகிராமிலிருந்தே மாற்றக்கூடிய மின்தடை), எல்லாம் 10 கே, அதாவது 10,000 ஓம். வரிசைக்கான வோல்டேஜை ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரின் பிடபிள்யூஎம்மிலிருந்து (வேகமாக ஏறி இறங்கும் துடிப்பு) எடுத்து, 1 கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்து வடிகட்டிக் கொடுக்கிறேன். நெடுவரிசையில் கரண்ட்டை வோல்டேஜாக மாற்ற எல்எம்358 ஆப்-ஆம்ப், அங்கிருந்து ஈஎஸ்பி32-இன் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி). முழுக்கப் பிரெட்போர்டு.

கம்ப்யூட்டரில் 145 பூ சரி. போர்டில் 108. வர்ஜினிகா, வெர்சிகலர் என்ற ரெண்டு வகையையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம், எட்டுத் தறி, விடிந்ததிலிருந்து ராத்திரி வரை ஓடும். அந்த மோட்டார் இரைச்சல்தான் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். அலுமினியப் பெட்டியில் போட்டு மூடினால் போதுமா? ரிவ்யூவுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கிறது, அப்பாவிடம் தறியை நிறுத்தச் சொல்லவும் முடியாது.

பீளமேடு மோட்டார்
தம்பி, பெட்டி வாங்கக் கிளம்பும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்க. ஒரே பூவை நூறு தடவை கொடுங்க. வருகிற எண்கள் தங்களுக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்று ஒரு கணக்கு, அவற்றின் சராசரி கம்ப்யூட்டர் சொல்லும் மதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இன்னொரு கணக்கு. சிதறுவதுதான் இரைச்சல். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளி நின்றால் அது பிழை, ஆயிரம் தடவை சராசரி எடுத்தாலும் போகாது. மோட்டார் டெஸ்டிங்கில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், புதிதாக வரும் பசங்க எது தப்பானாலும் "சார், நாய்ஸ்" என்பார்கள், போய்ப் பார்த்தால் கிளிப் ஒழுங்காகக் கவ்வியிருக்காது.

தறிக்கு வழி இருக்குங்க. மோட்டார் ஓடுவது 50 ஹெர்ட்ஸில், ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. மில்லி வினாடிக்கு ஒன்றாக 20 அளவீடு எடுத்துச் சராசரி போட்டால் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் கழிந்துவிடும். அழகாக இருக்கிறது என்று 16, 32 எடுக்காதீங்க, அலையில் ஒரு துண்டு மிச்சம் நின்றுவிடும். ஏடிசி பின்னில் 0.1 மைக்ரோஃபாரட் வையுங்க, வைஃபையை அணைத்துவிடுங்க. அலுமினியப் பெட்டி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை நிறுத்தாது, அதைவிட வயரைக் குட்டையாக வெட்டி கிரவுண்டு வயரோடு முறுக்கிவிட்டால் பலன் அதிகம்.

திருப்பூர் பனியன்
30 பொட், ஆறு ஆப்-ஆம்ப், இத்தனை வயர். அந்த ஈஎஸ்பி32-லேயே 15 பெருக்கல் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எதற்குங்க இந்த வம்பு?

பவானி ஜமக்காளம்
15 பெருக்கலுக்கு வம்புதான். எடைகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, பெருக்குவதைவிட அவற்றை மெமரியிலிருந்து தூக்கி வருவதற்கே மின்சாரம் அதிகம் போகிறது. அதற்காகத்தான் இவ்வளவு பாடு. (சிப் வேலை, இருப்பது பெங்களூரு.)

சோமனூர் தம்பி, எனக்குக் கண்ணில் பட்டது அந்த 1 கே. அதற்குப் பின்னால் 6 பொட் இணையாக நிற்கின்றன. எல்லாமே 10 கே-யில் இருந்தாலும் சேர்த்து 1.67 கே-தான். நீங்கள் 1 வோல்ட் என்று நினைத்து அனுப்புவது பொட்டுக்கு 0.62 வோல்ட்டாகப் போகிறது, பொட்டைக் குறைக்கக் குறைக்க இன்னும் இறங்கும், அதுவும் வரிசைக்கு வரிசை வேறு அளவில். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க, அப்புறம் வரிசைக்கு ஒரு பஃபர் (வோல்டேஜ் இறங்காமல் கரண்ட் கொடுக்கும் ஆப்-ஆம்ப்) போடுங்க. சிப்பிலும் இதே தொல்லை உண்டு, அங்கே மெல்லிய கம்பியின் மின்தடையால் கடைசி செல்லுக்கு வோல்டேஜ் தேய்ந்துதான் போய்ச் சேரும், கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் போவது மாதிரி. ஒரே பெரிய வலையாகப் பின்னாமல் துண்டு துண்டாகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஐபிஎம் 2023-இல் வெளியிட்ட 64 கோர் சிப்பிலும் கோருக்கு 256-க்கு 256 தான்.

அடுத்தது, எல்லா வரிசைக்கும் பூஜ்யம் கொடுத்து வெளியீட்டைப் படித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதைக் கழியுங்க, எல்எம்358-இன் ஆஃப்செட் (உள்ளீடு பூஜ்யமானாலும் வெளியீட்டில் நிற்கும் பிழை) அதோடு போகும். டிஜிட்டல் பொட்டில் 10 கே என்பது 20 சதவீதம் முன்பின் இருக்கலாம். அதனால் ஒரு வரிசைக்கு மட்டும் வோல்டேஜ் கொடுத்து, உண்மையில் என்ன கரண்ட் வருகிறது என்று பார்த்து, வேண்டிய அளவு வரும்வரை படி படியாக நகர்த்துங்க. பேஸ் சேஞ்ச் மெமரியிலும் (பொருளின் நிலையை மாற்றி எடையை மின்தடையாகச் சேமிக்கும் மெமரி) இப்படித்தான் எழுதிப் பார்த்து, படித்துப் பார்த்து, திரும்ப எழுதுவார்கள். அங்கே எழுதிய பிறகும் கடத்துத்திறன் நாள்பட நாள்பட நகரும், உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் நிஜ இரைச்சல். அதை நெட்வொர்க்கையே தாங்கவைக்கலாம். பயிற்சியில் முன்னோக்கிய கணக்கைப் போடும்போது எடையில் கொஞ்சம் ராண்டம் எண்ணைக் கூட்டிவிட்டு, திருத்தத்தை மட்டும் சுத்தமான எடையில் செய்ய வேண்டும். ஐபிஎம் ஜூரிக் குழு 2020-இல் இப்படிப் பயிற்சி கொடுத்து, எடைகளைப் பேஸ் சேஞ்ச் மெமரிக்கு மாற்றியபின் சிஃபார்-10 என்ற சோதனைப் படத் தொகுப்பில் 93.7 சதவீதம் சரியாகச் சொன்னது. இப்படிப் பயிற்சி கொடுக்க அவர்களுடைய ஏஐஹெச்டபிள்யூகிட் என்ற மென்பொருள் இலவசம்தான், நியூரல் நெட்வொர்க் எழுதும் பைடார்ச் தெரிந்தால் போதும்.

சோமனூர்க்காரன்
நூறு தடவை ஓட்டிப் பார்த்தேங்க. சிதறல் 6 மில்லி வோல்ட், தள்ளி நிற்பது 85. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றிருந்தபோதும் ஓட்டினேன், 111 பூ. இத்தனை நாள் தறி மேல் போட்ட பழி மூன்றே மூன்று பூ. அக்கா சொன்னபடி மீட்டர் வைத்தால் 1 வோல்ட்டுக்குப் பதில் 0.41 முதல் 0.58 வரை வரிசைக்கு ஒன்று காட்டியது, பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஃபர் போட்டதும் 129. பூஜ்யத்தைக் கழித்து, 20 அளவீட்டுச் சராசரியும் சேர்த்ததும் 136. பொட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தும்போது நடுவில் கரண்ட் போய், எல்லாம் பழைய நிலைக்கே திரும்பி, மறுபடி முதலிலிருந்து. இப்போது 141. நாய்ஸ் சேர்த்துப் பயிற்சி கொடுக்க எவ்வளவு சேர்ப்பதுங்க அக்கா, அந்த 6 மில்லி வோல்ட்டா?

பவானி ஜமக்காளம்
அது சராசரி எடுக்கும் முன்னால் அளந்தது. நூறு தடவைச் சோதனையை இப்போது திரும்ப ஓட்டுங்க, தறி ஓடும் நேரத்திலேயே. அதில் வரும் சிதறலை எடைக்கு மாற்றிச் சேருங்க, அதைப்போல இரு மடங்கு வைத்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்க.